ஏற்காடு போய்ட்டு வந்ததுல இருந்து வீட்டுல வரிசையா வாந்தி, பேதி. இப்ப எங்க அப்பாவுக்கும் ஆரம்பிச்சிருச்சு

காவேரிக்கரை, ஈரோடு:

வணக்கமுங்க. போன சனி, ஞாயிறு குடும்பத்தோட ஏற்காடு போயிருந்தோம். எங்க அப்பா அம்மா, என் மாமனார் மாமியார், நாத்தனார் குடும்பம், கைக்குழந்தையோட என் தங்கச்சி, எல்லாரும் ஒரே டெம்போ டிராவலர்ல. அப்பா முட்டி ஆபரேசனுக்கு அப்புறம் ஊரை விட்டு வெளிய வந்ததே இப்பத்தானுங்க. லேடீஸ் சீட்டுங்கற மலை விளிம்புக் காட்சி முனையில உக்காந்து, கீழ சேலத்துல லைட்டு ஒவ்வொண்ணா எரியறதைப் பார்த்துட்டு எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாரு. ராத்திரி சம்பந்திங்க ரெண்டு பேரும் தாயம் ஆடிச் சிரிச்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் இறங்கும்போது நாத்தனார் பையன் வண்டிக்குள்ளயே வாந்தி எடுத்தான். இருபது கொண்டை ஊசி வளைவு, சின்னப் பையனுக்குச் சுத்தல் தாங்கலைன்னு நினைச்சு நானும் அத்தையும் துடைச்சு விட்டோம். திங்கக்கிழமை ராத்திரி என் மகளுக்கு வாந்தி. விடியறதுக்குள்ள அத்தைக்கு. அப்புறம் எனக்கும் வீட்டுக்காரருக்கும். தண்ணியாட்டம் பேதி, வயித்தைப் பிசையற வலி, லேசாக் காய்ச்சல். ரத்தம், சளி எதுவும் இல்லை.

நாங்க ஓரளவு தேறிட்டோம். என் பயமெல்லாம் அப்பாவைப் பத்தித்தானுங்க. 74 வயசு, சுகர், பிபி ரெண்டும் இருக்கு. இன்னைக்குக் காலைல அவருக்கும் ஆரம்பிச்சிருச்சு. "தண்ணி குடிச்சாத்தான் வெளிய போகுது, ஒண்ணும் வேண்டாம் கண்ணு"ன்னு வாயை மூடிட்டுப் படுத்திருக்காரு. அதே வீட்டுலதான் தங்கச்சியும் ஏழு மாசக் குழந்தையும் இருக்காங்க. குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து போட்டாச்சு, அப்ப இது வராதுங்களா? ஏரிக்கரையில சாப்பிட்ட மிளகாய் பஜ்ஜிதான் காரணம்னு அத்தை சொல்றாங்க. பெரியவங்களைப் பார்த்துக்கிட்ட அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வார்டுஅக்கா, சேலம்:

தங்கச்சி, முதல்ல அப்பா. இப்பவே அவருடைய மாத்திரைச் சீட்டை எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. பிபிக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் சிறுநீரைக் கூட்டி உடம்புத் தண்ணியை வெளியேத்தும். பேதியில உடம்பு வத்தும்போது அதையும் சேர்த்துப் போட்டா பிபி இறங்கும், கிட்னிக்கும் கெடுதல். மெட்ஃபார்மின் மாதிரி சுகர் மாத்திரையையும் இந்த நேரத்துல நிறுத்தி வைக்கச் சொல்வாங்க. ஆனா எதை, எத்தனை நாளைக்குன்னு டாக்டர்தான் சொல்லணும், நீங்களா நிறுத்திடாதீங்க. சாப்பிடாம இருக்கிறவருக்கு சுகர் தாழவும் வாய்ப்பிருக்கு. மெஷின் இருந்தா உடனே பாருங்க.

போற வரைக்கும் ஓஆர்எஸ், அதாவது குளுக்கோஸும் உப்பும் கலந்த கரைசல், கொடுங்க. டம்ளர்ல நீட்டாதீங்க, ஸ்பூன்ல ஒவ்வொரு வாயா. வாந்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டு மறுபடி ஆரம்பிங்க. குடிக்காம இருந்தா பேதி நிக்காது, உடம்புதான் வத்தும். குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து போனா, பேதி போகும்போதும் குடல் தண்ணியை உள்ளே இழுத்துக்கும். 1971-ல வங்கதேச அகதிகளுக்கு மேற்கு வங்காளத்துல இருக்கிற பாங்காவ் முகாம்ல காலரா வந்து டிரிப் பாட்டில் தீர்ந்தப்ப, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலந்து கொடுத்துத்தான் எத்தனையோ உயிரைக் காப்பாத்தினார். சுகர் இருக்கேன்னு தயங்க வேண்டாம், ஒரு லிட்டர்ல 13.5 கிராம் குளுக்கோஸ்தான். எந்திரிச்சா தலை சுத்துறது, ஆறேழு மணி நேரமா சிறுநீர் போகாதது, பேச்சுல தடுமாற்றம், இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் நேரா ஆஸ்பத்திரிதான்.

காரணம் பஜ்ஜி இல்லைன்னுதான் எனக்குத் தோணுது. நீங்க சொல்ற கணக்கு நோரோவைரஸ் மாதிரி இருக்கு, வாந்தி பேதியை உண்டாக்கி வேகமாத் தொத்துற வைரஸ் அது. அது உள்ளே போன 12 முதல் 48 மணி நேரத்துல வெளிய தெரியும். மூடின வண்டிக்குள்ள ஒரு குழந்தை வாந்தி எடுத்தா கண்ணுக்குத் தெரியாத துளி காத்துலயும் சீட்டுலயும் படியும், மிகக் கொஞ்சம் உள்ளே போனாலே போதும். ஞாயிறு மத்தியானம் வாந்தி, திங்கள் ராத்திரி உங்க மகள்னு பொருந்துது பாருங்க. பையனுக்கு அது பயணச் சுத்தலா இருந்திருக்காது. இதுக்காக உங்க நாத்தனாரை யாரும் ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க. கிளம்பும்போது நல்லா இருந்த பிள்ளையைத்தானே கூட்டிட்டு வந்தாங்க.

ரோட்டா சொட்டு மருந்து, பேதி உண்டாக்குற இன்னொரு வைரஸான ரோட்டாவைரஸுக்கு மட்டும்தான். நோரோவுக்குத் தடுப்பு மருந்து இன்னும் போடுறதில்லை. குழந்தையை அப்பா இருக்கிற அறைக்குக் கொண்டு போக வேண்டாம். தாய்ப்பால் நிறுத்தவே கூடாது.

மருந்துக்கடைத் தம்பி, கரூர்:

அக்கா சொன்னதோட கடைக்காரனா எனக்குத் தெரிஞ்சதையும் சொல்றேங்க. ஓஆர்எஸ்னா பவுடர் பாக்கெட்டா வாங்குங்க, உலக சுகாதார நிறுவன ஃபார்முலான்னு போட்டிருக்கும். அட்டை டப்பாவுல வர்ற இனிப்புத் தண்ணிக்கு ஓஆர்எஸ்னு பேர் வைக்கக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவே போட்டுருச்சு. அதுல சர்க்கரை ஜாஸ்தி, பேதியைக் கூட்டும். பாக்கெட்டுல எவ்வளவு தண்ணின்னு போட்டிருக்கோ அவ்வளவும் ஊத்துங்க. 200 மில்லி பாக்கெட்டும் இருக்கு, ஒரு லிட்டர் பாக்கெட்டும் இருக்கு, மாறிடக் கூடாது.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை எடுத்துப் போட்டுடாதீங்க, வைரஸுக்கு அது வேலை செய்யாது. பேதியை நிறுத்துற மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

சானிடைசரை நம்பாதீங்க, நோரோவுக்கு அது சரியா வேலை செய்யாது. சோப்புப் போட்டு ஓடற தண்ணியில கழுவணும். கக்கூஸ், கதவுத் தாப்பாள், பைப் திருகு எல்லாத்தையும் ஹைபோகுளோரைட்டுங்கற பிளீச்சிங் திரவத்தால துடைங்க. நாலு சதவீதத் திரவம்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 மில்லி. அஞ்சு நிமிசமாவது ஈரமா இருக்கணும். கையுறை போட்டுக்கங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க. ஆசிட் கலந்த பாத்ரூம் கிளீனரோட சேர்த்தா விஷ வாயு வரும், ரொம்ப ஜாக்கிரதை. வாடகை வண்டிக்காரருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க, அடுத்த சவாரியில யார் வீட்டுக் குழந்தை ஏறுதோ.

காவேரிக்கரை, ஈரோடு:

உங்க ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. மத்தியானமே அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டோம். பிபி இறங்கித்தான் இருந்துச்சு. டிரிப் போட்டாங்க, ஒரு பிபி மாத்திரையையும் மெட்ஃபார்மினையும் அவங்க சொல்ற வரைக்கும் நிறுத்தச் சொல்லிட்டாங்க. இப்ப அம்மா ஸ்பூன் ஸ்பூனா ஓஆர்எஸ் கொடுக்கறாங்க, மாட்டேன்னு சொல்லாமக் குடிக்கறாரு. சாயந்திரம் ஒரு தடவை ஒண்ணுக்குப் போனாருன்னு அம்மா போன் பண்ணுனப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு. தங்கச்சி குழந்தையோட மாடி ரூமுக்குப் போயிட்டா. நாத்தனார்கிட்டயும் பேசிட்டேன். அவ ராத்திரி முழுக்கத் தூங்கலையாம்.

இன்னும் ஒண்ணு கேக்கோணும். ஞாயித்துக்கிழமை எங்க குலதெய்வக் கோயில்ல பொங்கல் இருக்கு. வருசாவருசம் மாவிளக்குக்கு மாவு இடிச்சுப் பிசையறது அத்தைதான். இப்ப நல்லாத்தான் நடமாடறாங்க. போலாமுங்களா?

வார்டுஅக்கா, சேலம்:

அப்பா குடிக்கறார், சிறுநீர் போறார். ரொம்ப நிம்மதிம்மா. நாளைக்கும் அளவைக் குறிச்சு வையுங்க.

அத்தைக்குக் கடைசியாப் பேதி போன நேரத்துல இருந்து முழுசா 48 மணி நேரம் ஆயிருந்தா கோயிலுக்குப் போகட்டும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புறதுக்கும் இதே கணக்குத்தான். ஆனா நல்லான பிறகும் மலத்துல வைரஸ் ரெண்டு வாரம் வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலயும் வரும். மாவிளக்கு வேகவைக்காம எல்லாருக்கும் கொடுக்கிற பிரசாதம். அதனால இந்த வருசம் மாவை வேற யாராவது பிசையட்டும். அத்தை மனசு நோகாம நீங்களே எடுத்துச் சொல்லுங்க. திரி போட்டு விளக்கேத்துறது அவங்க கையாலேயே இருக்கட்டும்.