மறு: ‘தொற்றுக்காட்டி’ என்ற சொல் பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவமனையில் பற்றும் தொற்றை அறிய இரத்தத்தில் அளந்து பார்க்கும் பொருள்களுக்குத் தமிழ்ச் சொல்லாகத் ‘தொற்றுக்காட்டி’ என்பதை நம் குழுவில் ஐயா ஒருவர் முன்வைத்திருக்கிறார். சொல்ல எளிது, கேட்டதும் புரிகிறது. ஆனாலும் அதை ஏற்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

இப்படி அளக்கும் பொருள்களில் ஒன்றான சி.ஆர்.பி.யையே (சி-ரியாக்டிவ் புரதம்) எடுத்துக்கொள்வோம். 1930இல் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்ட புரதம் அது. அதைச் சுரப்பது கிருமி அல்ல, குழந்தையின் கல்லீரல். உடலில் எங்கே அழற்சி (கிருமிக்கோ காயத்துக்கோ உடல் காட்டும் எதிர்வினை) வந்தாலும் ஏறும். பிரசவம் சிக்கலானாலும், தாயின் வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அதைக் குழந்தை மூச்சில் இழுத்துக்கொண்டாலும், அறுவை சிகிச்சை நடந்தாலும் ஏறும். ஏறுவதற்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். இதேபோல அளக்கும் இன்னொரு பொருளான புரோகால்சிடோனின் அதற்கு முன்பே ஏறிவிடும். ஆனால் பிறந்த முதல் 2 நாள்களில் நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கும் அது தானாகவே உயர்ந்து இறங்கும். பிறந்து எத்தனை மணி நேரம் என்று பார்க்காமல் அளவை மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும்.

‘தொற்றுக்காட்டி: உயர்வு’ என்று அறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தால், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் தகப்பன் பிள்ளைக்குத் தொற்று உறுதி என்றுதானே எடுத்துக்கொள்வார்?

சரி, அப்படியென்றால் இதை ஏன் பார்க்கிறார்கள்? ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே 80, 90 மில்லிதான். அதில் கல்ச்சருக்கு (இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) ஒரு மில்லி எடுப்பதற்குள் செவிலியர் இரத்தக் குழாய் தேடிப் படும் பாடு கொஞ்சமல்ல. முடிவு வர ஓரிரு நாள் ஆகும். குழந்தையோ பால் குடிக்காமல், துவண்டு, மூச்சு நின்று நின்று வரக் கிடக்கும். காத்திருக்க முடியாது, ஆண்டிபயாடிக் தொடங்கியாக வேண்டும். சி.ஆர்.பி. போன்ற இந்தக் குறிப்பான்கள் பெரிதும் கைகொடுப்பது அப்புறம்தான். ஒரு நாள் விட்டு மறுபடி பார்த்தும் சி.ஆர்.பி. ஏறவில்லை, கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை, குழந்தையும் தேறுகிறது என்றால் மருந்தை நிறுத்தலாம். தொற்று இல்லை என்று துணிந்து சொல்லவே இவை அதிகம் உதவுகின்றன. அதனால் ‘அழற்சிக் குறிப்பான்’ என்பதே என் பரிந்துரை.

இன்னொன்று. பிறந்து 72 மணி நேரத்துக்குப் பின் வரும் தொற்றையும் மருத்துவமனையில் பற்றும் தொற்றையும் ஒரே சொல்லில் அடக்கலாம் என்று குழுவில் அம்மா ஒருவர் எழுதியிருந்தார். நம் நாட்டில் அது சரிப்படாது. டெல்லியில் மூன்று மருத்துவமனைகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், தொற்றுகளில் பெரும்பகுதி அந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே வந்திருந்தது. முன்னால் வந்தவற்றிலும் பின்னால் வந்தவற்றிலும் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா என்று ஏறக்குறைய அதே கிருமிகள். பிறந்த அறையிலேயே, பிறந்த கையோடு பற்றியிருக்கலாம் என்ற ஐயம் அதனால்தான் எழுகிறது. ஆகவே காலத்தைக் குறிக்கப் ‘பின்தொடக்கத் தொற்று’, இடத்தைக் குறிக்க ‘மருத்துவமனைவழித் தொற்று’ என இரண்டாகவே வைத்துக்கொள்வோம்.

செப்சிஸுக்கு (தொற்றால் உடல் முழுவதும் நிலைகுலையும் நோய்க்கு) ‘சீழ்ப்பிடிப்பு’ என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இந்தக் குழந்தைகளில் பலருக்கு உடலில் எங்கும் சீழே இருக்காது. இரத்தத்தில் பரவிய தொற்று என்பது தெரியும்படி ‘குருதித்தொற்று’ எனலாமா என்றால், கல்ச்சரில் கிருமி வளராதவர்களை அது விட்டுவிடும். குழந்தை மருத்துவர்கள் யாரேனும் இதற்கு ஒரு வழி சொன்னால் நல்லது.