தாத்தாவின் படச்சுருள்கள்: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். பி.கே. நாயரைப் பற்றிய 'செல்லுலாய்ட் மேன்' (2012) ஆவணப்படத்தைப் போன வாரம் பார்த்தேன். புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்காக அந்த மனிதர் தேடித் தேடிப் படங்களைச் சேர்த்திருக்கிறார். தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) ஒரு சுருள்கூட மிஞ்சவில்லை. அதை நினைத்தால் மனசு ஆறவே இல்லை.

அப்புறம்தான் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் தகரப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. தாத்தா டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். மூன்று பெட்டி, எல்லாம் 35 எம்.எம். சுருள்கள். மேலே ஒட்டிய தாள் கிழிந்துவிட்டதால் என்ன படம் என்றே தெரியவில்லை. ஒன்றைத் திறந்ததும் வினிகர் வாடை குப்பென்று அடித்தது. அசிடேட் ஃபிலிம் சிதையத் தொடங்கினால் இப்படித்தான் வாடை வருமாம், பக்கத்துச் சுருளையும் கெடுக்குமாம். அதனால் அதை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவில்லை. அறுந்துவிடும் என்று பயம்.

காப்பகத்துக்குப் படம் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா? முதலில் யாரிடம் பேச வேண்டும்? சென்னையில் சுருளைக் கையால் பிரித்துப் பார்த்துப் படத்தை அடையாளம் சொல்லக்கூடிய பழைய ஆபரேட்டர் யாரையாவது தெரியுமா? மழைக்காலத்துக்குள் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட வேண்டும்.