குடும்பக் குழு: ஹொங்கொங் உலகக் கிண்ணத்துக்குப் போகிறது

ஞாயிறு, 6 ஜூலை 2025

காலை 7:12
கண்டி மாமா: எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்று இன்சியோனில் ஹொங்கொங் 70, தென் கொரியா 22. ஆசிய றக்பி சம்பியன்ஷிப் கிண்ணமும் அவர்களுக்கே, 2027 உலகக் கிண்ண இடமும் அவர்களுக்கே. உலகக் கிண்ணத்துக்குப் போவது வரலாற்றில் முதல் தடவை!

7:15
அம்மா: சந்தோஷம் தம்பி. மாத்திரை போட்டாயா?

7:15
கண்டி மாமா: போட்டேன் அக்கா.

7:21
அண்ணி: மாமா, 70 எப்படி வரும்? நான் யாழ்ப்பாணத்தில் பார்த்து வளர்ந்தது உதைபந்தாட்டம் மட்டும்தான்.

7:26
கண்டி மாமா: பந்தைக் கொண்டுபோய் எதிரணியின் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் வைத்தால் அது ட்ரை, 5 புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3. சமபலமான அணிகள் மோதினால் இருபது, முப்பதில் முடியும். 2022 இறுதிப் போட்டியில் இதே இரண்டு அணிகளும் 23–21 என்று முடித்தன. இப்போது 70 என்றால் கொரியாவின் தடுப்பு முழுவதும் உடைந்துவிட்டது பிள்ளை.

7:30
தம்பி: ஜப்பான் ஆடவில்லையே மாமா. ஜப்பான் இல்லாத ஆசியக் கிண்ணத்தை வென்றால் அதற்கு என்ன மதிப்பு?

7:31
கண்டி மாமா: பொறு மருமகன், தட்டச்சு செய்கிறேன்.

7:44
கண்டி மாமா: இந்தப் போட்டித் தொடர் 1969 இல் டோக்கியோவில் தொடங்கியது. அன்றிலிருந்து 2017 வரை ஜப்பானும் தென் கொரியாவும் தவிர வேறு எந்த அணியும் வென்றதில்லை. கொரியாவும் ஐந்து தடவைதான், மற்றதெல்லாம் ஜப்பான். 2008 இல் ஐந்து நாடுகள் போட்டியாக மாற்றினார்கள். 2014 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜப்பானே. 2014 இல் நாகோயாவில் நம் இலங்கை அணிக்கு ஜப்பான் அடித்தது 132–10. அன்று ஆடிய நம் பையன்கள் மோசமானவர்கள் இல்லை. அடுத்த ஆண்டே உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவை 34–32 என்று வென்ற அணி ஜப்பான். அப்படி ஒரு அணியோடு ஆண்டுக்கு ஒரு தடவை மோதி யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அடி வாங்கத்தான் முடியும். 2017க்குப் பிறகு ஜப்பான் விலகியது. அவர்களுக்குப் பெரிய நாடுகளோடு ஆட அழைப்பு இருந்தது, போனார்கள். 2019 இல் சொந்த நாட்டில் நடந்த உலகக் கிண்ணத்தில் அயர்லாந்தையும் ஸ்கொட்லாந்தையும் வென்று காலிறுதி வரை வந்தார்கள். அவர்கள் போனதில் எனக்குக் குறை இல்லை. மீதமுள்ளவர்களுக்கு அதற்குப் பிறகுதான் மூச்சு விட இடம் கிடைத்தது.

7:52
டுபாய் அண்ணா: மாமா சொல்வது சரி. ஆனால் ஹொங்கொங் அணியில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர் என்று இங்கே வேலைத்தளத்தில் பேசுகிறார்கள்.

7:58
கண்டி மாமா: அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. ஒரு நாட்டில் தொடர்ந்து ஐந்து வருடம் வாழ்ந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். முன்பு மூன்று வருடம், 2022 இல் ஐந்தாகக் கூட்டினார்கள். அங்கேயே பிறந்து, ஞாயிறு காலைகளில் சிறுவர் றக்பி ஆடி வளர்ந்தவர்களும் அந்த அணியில் இருக்கிறார்கள். தென்னாபிரிக்காவை வென்ற ஜப்பான் அணியின் தலைவர் மைக்கேல் லீச் நியூசிலாந்தில் பிறந்தவர். 15 வயதில் சப்போரோவுக்குப் படிக்க வந்தவர். அவரை ஜப்பான்காரர் இல்லை என்று ஜப்பானில் போய்ச் சொல்லிப் பார்.

7:59
டுபாய் அண்ணா: சரி சரி. இங்கேயும் அப்படித்தான். முன்பு பஹ்ரெய்ன், குவைத், ஓமான், கட்டார், சவூதி, எமிரேட்ஸ் எல்லாம் சேர்ந்து அரேபிய வளைகுடா என்று ஒரே அணி. 2010 வரை அப்படி ஆடினார்கள். பிறகு பிரிந்து ஒவ்வொரு நாடும் தனி. இந்த வருடம் ஆசியத் தொடரில் ஆடிய நான்கு அணிகளில் எமிரேட்ஸும் ஒன்று.

8:03
நான்: நான்காவது இலங்கை. அதை யாருமே சொல்லவில்லையே!

8:11
கண்டி மாமா: அதைத்தான் பேச வேண்டும் என்று இருந்தேன். போன வருடம் கீழ்ப் பிரிவை வென்று, 2014க்குப் பிறகு இப்போதுதான் மேலே வந்தோம். 1974 இல் கொழும்பில் நடந்த ஆசியப் போட்டியில் இறுதி வரை வந்த நாடு இது. கொழும்பு ரோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 இல் இருந்து பிராட்பி கேடயத்துக்கு மோதுகின்றன. பள்ளிக்கூட ஆட்டத்துக்கு இவ்வளவு சனம் கூடும் நாடு ஆசியாவில் வேறு எங்கே இருக்கிறது? நிட்டவெல மைதானத்தில் கண்டிக் கழகம் ஆடினால் மதில் மேலும் ஆள் நிற்கும். இவ்வளவு இருந்தும் நம் தேசிய அணிக்கு இந்தத் தொடரில் எத்தனை போட்டி தெரியுமா? மூன்று. நான்கு அணிகள், ஒவ்வொன்றோடும் ஒரு தடவை, ஒரு மாதத்துக்குள் முடிந்தது. இனி அடுத்த வருடம்தான்.

8:13
தம்பி: மூன்றுதானா? எங்கள் பள்ளி அணி ஒரு பருவத்தில் அதைவிடக் கூட ஆடுகிறதே.

8:20
கண்டி மாமா: அதுதான் என் கவலை. 19 வயதில் வாரம் ஒரு பெரிய ஆட்டம் ஆடிய பிள்ளை, நாட்டுக்கு ஆட வந்ததும் வருடத்துக்கு மூன்று ஆட்டத்தில் நிற்கிறான். ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியும் பிணைந்து பந்துக்காக முட்டித் தள்ளும் இடத்தில், எட்டுப் பேர் ஒரே உடம்பாகத் தள்ள வேண்டும். அது பயிற்சியில் மட்டும் வராது, பலமான எதிரணியோடு திரும்பத் திரும்ப மோதினால்தான் வரும். முதல் ஆட்டத்தில் எங்கே பிழைத்தது என்று பார்த்துத் திருத்துவதற்குள் தொடரே முடிந்துவிடுகிறது.

8:24
டுபாய் அண்ணா: போக்குவரத்துச் செலவு மாமா. கொழும்பில் இருந்து இன்சியோனுக்கு முப்பது பேரை அனுப்பி, தங்கவைத்து, சாப்பாடு கொடுத்து... சங்கங்களிடம் அவ்வளவு பணம் இல்லை.

8:32
கண்டி மாமா: செலவு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஐந்து நாடுகள் ஆடிய காலத்தில் குறைந்தது நான்கு போட்டி இருந்தது. சொந்த ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று என்று வைத்தால் ஆறு வரும். ஹொங்கொங் வந்த வழியைப் பாருங்கள். 2018 இல் மார்செய்யில் கடைசித் தகுதிச் சுற்று, போய்த் தோற்றார்கள். 2022 இல் தொங்காவிடம் தோற்றார்கள். அதே வருடம் டுபாயில் இன்னொரு கடைசிச் சுற்று, அங்கேயும் இடம் போர்த்துக்கலுக்குப் போய்விட்டது. ஆனால் அந்தத் தோல்விகள் எல்லாம் கனடா, ஜெர்மனி, அமெரிக்கா, போர்த்துக்கல் என்று புதிய அணிகளோடு வந்தவை. ஒவ்வொன்றிலும் ஏதோ படித்துக்கொண்டு திரும்பினார்கள். உலகக் கிண்ணம் 20 அணியில் இருந்து 24 ஆனதும் ஆசியாவுக்கு நேரடியாக ஓர் இடம் கிடைத்தது, அவர்கள் தயாராக இருந்தார்கள். கொரியா அவ்வளவு தயாராக இல்லை. 1998, 2002 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்ற கொரியா! எனக்கு அதுவும் வருத்தம்தான்.

8:35
அண்ணி: அப்படியென்றால் ஜப்பானும் போகுமா, மாமா?

8:36
கண்டி மாமா: போகும். 2023 உலகக் கிண்ணத்தில் தங்கள் பிரிவில் மூன்றாவதாக வந்ததால் அவர்கள் இடம் அப்போதே உறுதி. ஆசியாவில் இருந்து இரண்டு அணி நிச்சயம்.

8:41
மெல்பேர்ன் சித்தி: இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். 2027 உலகக் கிண்ணம் எங்கள் ஊரிலா அண்ணா?

8:42
கண்டி மாமா: அவுஸ்திரேலியாவில்தான் தங்கச்சி. ஒக்டோபர் 1 தொடக்கம். யார் யாரோடு ஆடுவது என்று குலுக்கல் இன்னும் நடக்கவில்லை.

8:44
மெல்பேர்ன் சித்தி: அப்போ ஹொங்கொங் ஆட்டம் ஒன்றுக்கு டிக்கெட் எடுக்கிறேன். நீங்களும் அக்காவும் வாருங்கள். விசாவுக்கு இப்போதே பாஸ்போட்டைப் புதுப்பித்து வையுங்கள்.

8:45
அம்மா: எனக்கு அந்த ஆட்டம் விளங்காது. ஆனால் வருகிறேன்.

8:46
தம்பி: மூன்று டிக்கெட் எடுங்கோ சித்தி.

8:47
கண்டி மாமா: பாஸ்போட்டைத் தேடப் போகிறேன். குலுக்கல் முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.