லேடெக்: மேற்கோளில் 'பிள்ளை' மட்டும் வருகிறது, அகரவரிசையும் தப்பு. உதவி தேவை

தரமணி ஆய்வு மாணவி
வணக்கம். சங்க இலக்கியப் பதிப்பு வரலாறு பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதுகிறேன்: தமிழ் எழுத்துக்கு சீலேடெக், மேற்கோளுக்கு நாட்பிப் தொகுப்பு, நூற்பட்டியலை அடுக்க பிப்டெக், பட்டியலின் வடிவத்துக்கு பிளெயின்நாட் நடை. சி. வை. தாமோதரம் பிள்ளையின் 1887 கலித்தொகைப் பதிப்பு "(பிள்ளை, 1887)" என்றும், எஸ். வையாபுரிப் பிள்ளையின் 1940 சங்க இலக்கியப் பதிப்பு "(பிள்ளை, 1940)" என்றும் வருகின்றன. படிப்பவர்கள் இருவரையும் ஒரே ஆள் என்றுதான் நினைப்பார்கள். உ.வே.சா.வின் 1894 புறநானூறு பட்டியலில் 'உ'வில் போய் உட்கார்ந்திருக்கிறது. 'கண்ணன்' முன்னால் வர வேண்டிய இடத்தில் 'கணேசன்' வருகிறது. நெறியாளர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிவிட்டார். வெள்ளிக்கிழமை திருவல்லிக்கேணியில் பைண்டிங்குக்குக் கொடுக்க வேண்டும்.

மாம்பலம் வாசகன்
நேரம் இல்லையென்றால் பட்டியலைக் கையாலேயே தட்டிவிடுங்கள்.

பழைய அச்சுக்கோப்பாளர்
வேண்டாம்மா. கையால் தட்டினால் ஒரு நூல் சேரும்போதெல்லாம் திரும்பச் சரிபார்க்க வேண்டிவரும்.

நம் பெயர்களில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. பிப்டெக்குக்கு அது தெரியாது. காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பிள்ளை. 'உ.வே.சாமிநாதையர்' என்று இடைவெளி விடாமல் அடித்திருப்பீர்கள். முழுவதும் ஒரே சொல்லாகப் போய் 'உ'வில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் 'தாமோதரம் பிள்ளை, சி. வை.', 'சாமிநாதையர், உ. வே.' என்று மாற்றுங்கள். காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது அப்படியே மேற்கோளில் வரும். இரண்டு ஆசிரியர்களுக்கு நடுவே 'மற்றும்' போட்டிருந்தால் எடுத்துவிட்டு, நூல் விவரங்கள் இருக்கும் பிப் கோப்பில் ஆங்கில 'ஆண்ட்' போடுங்கள். இல்லையென்றால் இருவரும் ஒரே பெயராகிவிடுவார்கள்.

அகரவரிசை வேறு கதை. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு யூனிகோடு எண் உண்டு, பிப்டெக் அதன்படி அடுக்குகிறது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருகிறது. 'ண்' போய் 'ணே'வுக்குப் பின்னால் நிற்கிறது. 'ன'வும் 'ப'வுக்கு முன்னால் வந்துவிடும். இதற்கு நாட்பிப்புக்குப் பதில் பிப்லேடெக் தொகுப்பும், பிப்டெக்குக்குப் பதில் பைபர் நிரலும்தான் வழி. நடை ஆத்தர்-இயர், எந்த மொழியின் அகரவரிசை என்று சொல்லும் சார்ட்லொக்கேல் விருப்பத்தில் தமிழின் குறியான 'டிஏ'. நாட்பிப்பை எடுத்துவிடுங்கள், இரண்டும் ஒத்துவராது. பிப்லேடெக்கிலேயே நாட்பிப் என்ற விருப்பத்தை 'ட்ரூ' என்று வையுங்கள். பழைய மேற்கோள் கட்டளைகள் அப்படியே ஓடும்.

தரமணி ஆய்வு மாணவி
மாற்றினேன் சார். இப்போது பெயர், ஆண்டு எதுவுமே இல்லை. மேற்கோள் இடத்தில் பிப் கோப்பில் நூலுக்கு நான் வைத்த குறிச்சொல்லே தடித்த எழுத்தில் வருகிறது. பட்டியல் காலி. டெக்ஸ்ஸ்டூடியோ என்ற லேடெக் எடிட்டரில்தான் ஓட்டுகிறேன்.

பழைய அச்சுக்கோப்பாளர்
பயப்படாதீர்கள். டெக்ஸ்ஸ்டூடியோ இன்னும் பிப்டெக்கைத்தான் ஓட்டுகிறது. அமைப்பில் 'பில்ட்' பக்கத்தில் நூற்பட்டியல் கருவியை பைபர் ஆக்குங்கள். பழைய துணைக்கோப்புகளை, குறிப்பாக பிப்டெக் எழுதிவைத்த பிபிஎல் கோப்பை, அழித்துவிட்டு சீலேடெக் ஒருமுறை, பைபர் ஒருமுறை, அப்புறம் சீலேடெக் இருமுறை.

தரமணி ஆய்வு மாணவி
வந்துவிட்டது! தாமோதரம் பிள்ளையும் வையாபுரிப் பிள்ளையும் தனித்தனியாக நிற்கிறார்கள், கண்ணன் முன்னால் வந்துவிட்டார். ரொம்ப நன்றி சார். பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவே மட்டும் காற்புள்ளி இல்லை. நெறியாளர் அதையும் கேட்பார்.

பழைய அச்சுக்கோப்பாளர்
முகப்புப் பகுதியில் டிக்ளேர்-டெலிம்-ஃபார்மட் கட்டளையால் நேம்-இயர்-டெலிம் என்பதை, அதாவது பெயருக்கும் ஆண்டுக்கும் நடுவே வரும் குறியை, 'ஆட்காமா' (காற்புள்ளி), அடுத்து 'ஸ்பேஸ்' (இடைவெளி) என்று வையுங்கள். ஒரே வரிதான். பைண்டிங்குக்குக் கொடுக்குமுன் பட்டியலை ஒருமுறை தாளில் எடுத்துப் படித்துவிடுங்கள்.