‘இர்ரெகுலாரிட்டி’க்குப் ‘பிசிறு’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

வானத்தின் உயரே, காற்று மின்னூட்டம் பெற்றிருக்கும் அயனி மண்டலத்தில் எலக்ட்ரான் அடர்த்தி ஆங்காங்கே கூடிக் குறைவதைச் சொல்லும் ‘பிளாஸ்மா இர்ரெகுலாரிட்டி’க்கு நீங்கள் தந்த ‘மின்ம ஒழுங்கின்மை’யை வைத்துத்தான் அந்த மண்டலத்தை ஆராயும் ஹிக்கமார்க்கா ரேடார் பற்றிய கட்டுரையைத் தமிழாக்கத் தொடங்கினேன். பெருவில், லிமாவுக்கு அருகே 300 மீட்டருக்கு 300 மீட்டர் பரப்பில் 18,432 இருமுனை ஆண்டெனாக்கள் வானம் பார்த்துக் கிடக்கும் இடம். பாதி வரை ஓடியது. ‘3 மீட்டர் ஒழுங்கின்மைகளிலிருந்து எதிரொலி வந்தது’ என்ற வரியில் நின்றுவிட்டேன். ‘இன்மை’ என்று முடியும் சொல் ஒரு நிலையைச் சொல்கிறது. அதை எண்ணவோ, மீட்டரில் அளக்கவோ தமிழ் இடம் தரவில்லை.

இயற்பியலும் இடிக்கிறது. அந்த ரேடாரின் அதிர்வெண் ஏறக்குறைய 50 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 6 மீட்டர். அதில் பாதியான 3 மீட்டர் இடைவெளியில் எலக்ட்ரான் அடர்த்தி கூடிக் குறைந்து அடுக்கியிருந்தால்தான் சிதறிய அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து எதிரொலியாகத் திரும்பும். மேலே கிலோமீட்டர்க் கணக்கில் பெரியதும் உண்டு, மீட்டருக்கும் சிறியதும் உண்டு. ரேடார் தன் அளவுக்கு ஒத்ததை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. ஆக, நாம் ஒழுங்கின்மை என்று பெயரிட்டதற்குள் ஒழுங்காக அடுக்கி நிற்பதைத்தான் அது பார்க்கிறது. படிக்கிற மாணவர் குழம்பத்தானே செய்வார்?

என் பரிந்துரை ‘பிசிறு’. அயனி மண்டலத்தில் இந்த அடர்த்தி வேறுபாடுகள் புவியின் காந்தப்புலக் கோடுகளை ஒட்டி நீளவாக்கில் நீண்டு கிடக்கின்றன, குறுக்கே மெலிந்திருக்கின்றன. தறியிலிருந்து அறுத்த துணியின் ஓரத்தை விரலால் நீவிப் பாருங்கள், நூல் நூலாகப் பிரிந்து நிற்கும். அதே உருவம்தான். காந்த நடுக்கோட்டில் அந்த நூல்கள் தென்வடலாகப் படுத்திருப்பதால், ஹிக்கமார்க்காவில் ஏறக்குறைய நேர்மேலே அனுப்பும் கற்றையே அவற்றைச் செங்குத்தாகச் சந்திக்கிறது. திருப்பதிக்கு அருகிலுள்ள கடங்கியில் கற்றையைச் சற்று வடக்கே சாய்க்க வேண்டும். அங்கே 53 மெகாஹெர்ட்ஸ், ஆகவே அங்கே தெரிபவை ‘2.8 மீட்டர்ப் பிசிறுகள்’. சொல்லிப் பாருங்கள், நாக்கு தடுக்கவில்லை.

‘பிசிறு பேச்சு வழக்கு, குறை என்ற பொருளும் ஒட்டியிருக்கிறது’ என்று சென்ற மடலில் ஒரு நண்பர் எழுதியிருந்தார். குறைப்பொருள் இருக்கட்டும் என்கிறேன். இந்தப் பிசிறுகளுக்குள் புகுந்து வரும் ஜிபிஎஸ் அலை துடிக்கிறது, சில நேரம் கருவியின் பிடியே விட்டுப்போகிறது. பாடுகிற குரலில் பிசிறு தட்டுகிறது என்று நாம் சொல்வது இதைப் போன்றதைத்தான்.

‘ஸ்ப்ரெட் எஃப்’க்கும் இதே சொல் உதவும். 1938-இல் புக்கரும் வெல்ஸும் பெருவின் உவாங்காயோவில் எடுத்த பதிவுகளை வைத்து அதை விவரித்தார்கள். அயனிப்பதிவில், அதாவது மேலே அனுப்பிய அலையின் எதிரொலி எந்த உயரத்திலிருந்து வந்தது என்று காட்டும் வரைபடத்தில், மெல்லிய கோடாக விழ வேண்டிய எஃப் அடுக்கின் (அயனி மண்டலத்தின் மேலடுக்கின்) தடம், இரவில் மையைத் தேய்த்தாற்போல அகன்று விடுகிறது. ‘எஃப் பரவல்’ என்றால் அடுக்கே எங்கோ பரவிப்போவதாகப் படும். ‘எஃப் பிசிறல்’ என்றால் தடத்துக்கு நேர்ந்தது தெரிகிறது.

‘பிளாஸ்மா பபிள்’ குமிழியாகவே இருக்கட்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. பொழுது சாய்ந்ததும் எஃப் அடுக்கு மேலே தூக்கப்படுகிறது. அதன் அடிப்பக்கத்தில் அயனிகள் எலக்ட்ரான்களோடு சேர்ந்து கரைந்துபோக, அடர்ந்தது மேலும் மெலிந்தது கீழும் என்று ஆகிவிடுகிறது. எண்ணெய்மேல் தண்ணீரை நிறுத்தினால் எண்ணெய் பிய்த்துக்கொண்டு ஏறுவதுபோல, மெலிந்தது மேலே ஏறுகிறது. குமிழி என்றால் யாருக்கும் புரியும்.

‘ப்ளூம்’ தான் மிச்சம். 1976-இல் உட்மனும் லா ஓஸும் வெளியிட்ட உயர-நேர வரைபடங்களில், கீழே மெல்லிய பட்டையாகக் கிடக்கும் எதிரொலி திடீரென்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும். இதற்குத் ‘தோகை’ என்று எழுதியிருந்தீர்கள். தோகை விரிவது, பின்னால் தொங்குவது. இது அடியிலிருந்து எழுகிறது, தீக்கொழுந்து எழுவதுபோல. ‘கொழுந்து’ என்று வைக்கலாமா, ஐயா? நீங்கள் சம்மதித்தால் இந்த வாரமே கட்டுரையைத் திருத்திவிடுகிறேன்.