ஸ்கிம்மருக்கு லைனரை எப்போது அறுப்பது?

தோப்புக்காரன், வள்ளியூர்:
தரைக்கு மேலே நிறுத்தும் நீச்சல் குளம் வாங்கியிருக்கிறேன். 15 அடி வட்டம், 4 அடி உயரத் தகரச் சுவர், உள்ளே தண்ணீரைத் தாங்கும் வினைல் விரிப்பு, அதாவது லைனர். மணல் பரப்பி மட்டம் பார்த்தாயிற்று, சுவர்ச் சுருளை இன்னும் பிரிக்கவில்லை. தண்ணீர்மேல் மிதக்கும் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மர் பெட்டிக்குச் சுவரில் துளை இருக்கிறது, லைனரில் இல்லை. புது லைனரில் கத்தி வைக்க மனசே வரவில்லை. எப்போது அறுக்க வேண்டும்? சிலிக்கான் பூச வேண்டுமா?

பாளை ஃபிட்டர்:
அண்ணாச்சி, சுவரை நிறுத்துமுன் கேட்டீர்களே, ரொம்ப நல்லது. துளையைக் கிழக்குப் பக்கம் வைத்து நிறுத்துங்கள். ஆனி ஆடியில் உங்கள் பக்கம் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்மேல் விழுகிற தென்னம்பூவையெல்லாம் அந்தக் காற்றே கிழக்கே தள்ளி ஸ்கிம்மர் வாயில் கொண்டுவந்து சேர்த்துவிடும். மேற்கே வைத்தால் வாழ்நாள் முழுக்க வலை போட்டு அரிக்க வேண்டியதுதான்.

கத்திக்கு அவசரமே இல்லை. லைனரை விரித்துச் சுருக்கம் நீக்கி, துளைக்கு 4 அங்குலம் கீழே வரை தண்ணீர் விடுங்கள். டேங்கர் என்றால் டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். தண்ணீரின் பாரம் லைனரைக் கீழே இழுக்கும். அதற்கு முன்பே அறுத்தால் ஓட்டை இடம் மாறிவிடும், அந்த லைனர் போயிற்று.

கேஸ்கெட், அதாவது கசிவை அடைக்கும் ரப்பர் பட்டை, சுவர் விளிம்பை இருபுறமும் கவ்வும் வகை என்றால் லைனர் விரிக்குமுன்பே மாட்டிவிடுங்கள். தனித்தனியாக இரண்டு வந்திருந்தால் ஒன்று ஸ்கிம்மருக்கும் சுவருக்கும் நடுவே, மற்றது லைனருக்கும் உள்ளிருந்து திருகும் முகப்புத் தகட்டுக்கும் நடுவே. வெளியே ஒருவர் ஸ்கிம்மரைப் பிடித்துக்கொள்ள, உள்ளே நிற்பவர் லைனர்மேல் விரலால் தடவி ஸ்க்ரூ துளைகளைக் கண்டுபிடித்துக் குத்தூசியால் குத்த வேண்டும். எதிரெதிர் ஸ்க்ரூ இரண்டை முதலில் போடுங்கள். அப்புறம் மற்றவை, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. கைத் திருப்புளிதான், டிரில் மெஷின் பிளாஸ்டிக் மரையைத் தின்றுவிடும். எல்லா ஸ்க்ரூவும் இறுகிய பிறகே, தகட்டின் உள்விளிம்பை ஒட்டிப் புது பிளேடால் லைனரை அறுங்கள்.

சிலிக்கான் வேண்டாம். கேஸ்கெட் நசுங்கித்தான் அடைக்கும், பசை இருந்தால் வழுக்கும். ஹோஸ் மாட்டும் மரைக்கு மட்டும் டெஃப்ளான் டேப் போதும்.

பணகுடி அக்கா:
ஐப்பசியில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்புமே, அப்போது?

பாளை ஃபிட்டர்:
உண்மைதான் அக்கா. ஆனால் ஆடிக் காற்றின் வேகம் அதற்குக் கிடையாது. சுத்தமான தண்ணீர் திரும்பி வரும் வாயைச் சற்றே பக்கவாட்டில் திருப்பிவைத்தால் குளத்துத் தண்ணீர் வட்டமாகச் சுற்றும், குப்பை எங்கே விழுந்தாலும் ஸ்கிம்மரைக் கடந்தே போக வேண்டும். தண்ணீர் மட்டம் எப்போதும் ஸ்கிம்மர் வாயின் பாதியில் நிற்கட்டும். இறங்கிப்போனால் மோட்டார் காற்றை இழுக்கும், மழையில் மூழ்கிவிட்டால் மேல்குப்பை உள்ளே போகாது.

தோப்புக்காரன், வள்ளியூர்:
சரி, துளை கிழக்கேதான். கிணற்று மோட்டார் செட்டும் அந்தப் பக்கமே இருக்கிறது, அதிலிருந்து லைன் இழுக்கலாமா?

பாளை ஃபிட்டர்:
தென்னந்தோப்பு ஈரத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடம் அண்ணாச்சி. குளத்து மோட்டாருக்குத் தனி லைன், நல்ல எர்த், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இதை எலக்ட்ரீசியனை வைத்தே செய்யுங்கள். லைனர் வேலைக்கு ஒரு ஆள் குறைந்தால் எழுதுங்கள், நான் வருகிறேன்.