ஏபிடிடி 21 விநாடி, இன்ஹிபிட்டர் ‘இல்லை’: இந்த முடிவை அனுப்பலாமா?

கேள்வி:
வணக்கம். கடுமையான ஹீமோஃபிலியா ஏ (ரத்தம் உறைய உதவும் காரணி 8 என்ற புரதம் குறைந்த நோய்) உள்ள ஒரு சிறுவனுக்குக் காரணி 8-ஐ எதிர்க்கும் இன்ஹிபிட்டர் என்ற எதிர்ப்பொருள் 18 பெதஸ்டா யூனிட் (அதை அளக்கும் அலகு) இருந்ததாகப் பழைய அறிக்கை சொல்கிறது. இப்போது நாங்கள், நோயாளியின் பிளாஸ்மாவை நார்மல் பிளாஸ்மாவோடு கலந்து மிஞ்சும் காரணி 8-ஐ அளக்கும் நைமேகன் முறையில் செய்த சோதனையில் இன்ஹிபிட்டரே இல்லை. ஹீமோஃபிலியாவில் நீளவேண்டிய ஏபிடிடி (பிளாஸ்மா உறைய எடுக்கும் நேரம்) 21 விநாடிதான்; ஒற்றைப் படி உறைதல் முறையில் காரணி 8 அளவு 150 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஏற்றிய காரணி 8 மிச்சமிருக்கலாம் என்று பிளாஸ்மாவை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, சுழற்றித் தெளிவித்து, இன்ஹிபிட்டர் சோதனையை மீண்டும் செய்தும் மாற்றமில்லை. கன்ட்ரோல்கள் சரியாக உள்ளன. அறுவை சிகிச்சைக்குக் காரணி 8 கொடுக்கலாமா என்று மருத்துவர் கேட்கிறார்.

மறுமொழி 1:
ஐயா, அனுப்ப வேண்டாம். சிறுவனுக்கு எமிசிசுமாப் என்ற மருந்து தோலடி ஊசியாகப் போடப்படுகிறதா என்று முதலில் விசாரியுங்கள். இன்ஹிபிட்டர் உள்ள கடுமையான ஹீமோஃபிலியாவில் ஏபிடிடி இவ்வளவு குறைவாக வருவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. எமிசிசுமாப் என்பது காரணி 9ஏ, காரணி 10 என்ற உறைதல் புரதங்களை ஒருசேரப் பிடித்துக் காரணி 8-இன் வேலையைச் செய்யும் எதிர்ப்பொருள். காரணி 8 போல அதைத் திராம்பின் தூண்டிவிடத் தேவையில்லை என்பதால் மிகக் குறைந்த அளவிலேயே ஏபிடிடி சுருங்கிவிடும். உங்கள் சோதனைக் குழாயில் நார்மல் பிளாஸ்மாவின் காரணி 8-ஐ இன்ஹிபிட்டர் அழித்திருந்தாலும், நோயாளியின் பிளாஸ்மாவோடு வந்த மருந்து உறைதலை விரைவாக்குவதால், காரணி 8 அழியாமல் இருப்பதுபோலக் கருவி காட்டுகிறது. 56 டிகிரிச் சூடு காரணி 8-ஐத்தான் அழிக்கும். இந்த எதிர்ப்பொருள் அதைத் தாங்கிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. விசாரித்ததில் அந்த மருந்து போட்டது உண்மைதான் என்றும், நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது என்றும் தெரிந்தது. கோரிக்கைப் படிவத்தில் யாரும் குறிப்பிடவில்லை. எங்களிடம் குரோமோஜெனிக் கிட் (நிறமாற்றத்தை வைத்துக் காரணி 8-ஐ அளப்பது) ஒன்று உள்ளது. அதில் செய்து பார்க்கட்டுமா?

மறுமொழி 2:
கிட்டின் உள்ளே இருக்கும் தாளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். காரணி 9ஏ, காரணி 10 இரண்டும் மாட்டினுடையவையாக இருந்தால் மருந்து அவற்றைப் பிடிக்காது. குரோமோஜெனிக் பெதஸ்டா முடிவை நம்பலாம். மனிதக் காரணிகள் கொண்ட கிட் மருந்தின் செயலையும் சேர்த்தே அளக்கும் என்பதால், இன்ஹிபிட்டர் பார்க்க உதவாது. இரண்டு மாதம் போதாது: அரை ஆயுள் ஏறத்தாழ நான்கு வாரம், பாதிப்பு ஆறு மாதம் வரை நீடிக்கலாம்.

மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். ‘இல்லை’ என்பதை நம்பிக் காரணி 8 ஏற்றினால், இன்ஹிபிட்டர் அதை வீணாக்கும், ரத்தக்கசிவு நிற்காது. காரணி 8 இல்லாமலே ரத்தத்தை உறைய வைக்கும் பைபாஸ் மருந்து தேவைப்பட்டாலும், எமிசிசுமாப் உடலில் உள்ளபோது அவ்வகையைச் சேர்ந்த ஏபிசிசியைத் தொடர்ந்து கொடுத்த சிலருக்கு நுண்குழாய்களில் ரத்தம் உறைந்திருக்கிறது என்பதால், தேர்வை ஹீமோஃபிலியா நிபுணரிடம் விடுவதே நல்லது.

கேட்டவர்:
எங்கள் கிட் மனிதக் காரணிகள் கொண்டது. ஆகவே இருமுறை சுழற்றிப் பிரித்த பிளாஸ்மாவை உறைய வைத்து, மருந்தின் பெயரையும் கடைசி ஊசித் தேதியையும் படிவத்தில் எழுதி, மாட்டுக் காரணி முறை உள்ள ஆய்வகத்துக்கு உலர்பனியில் அனுப்புகிறோம். மருத்துவரிடம் பேசிவிட்டேன், அறுவை சிகிச்சையைத் தள்ளி வைத்திருக்கிறார்.